அக்காவிடம் கன்சோல் சண்டை போடுவது எப்படி

எனக்கும் அக்காவுக்கும் இருபது வருடத்துக்கும் மேலாக ஒரு வழக்கு நடக்கிறது. டிவியில் மாட்டி கேம் விளையாடும் பெட்டிதான் கன்சோல்; ஒரே காலத்தில் கடையில் மோதிக்கொண்டவற்றை ஒரு தலைமுறை என்பார்கள். சேகாவின் டிரீம்காஸ்ட், சோனியின் பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2), நின்டெண்டோவின் கேம்கியூப், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் என்று நான்கு கன்சோல்கள் மோதிக்கொண்ட ஆறாம் தலைமுறையில் எது சிறந்தது? அக்கா டிரீம்காஸ்ட் கட்சி. நான் பிஎஸ்2 கட்சி. அவள் மகன் கல்லூரிக்கே போய்விட்டான், வழக்கு இன்னும் வாய்தாவில்தான் இருக்கிறது.

இதில் பெரும்பாலும் தோற்றது நான்தான். என் பக்கம் சரக்கு இல்லாமல் இல்லை. சண்டை போடத் தெரியவில்லை, அவ்வளவுதான். அக்கா குரலை உயர்த்தவே மாட்டாள். ஒரே ஒரு கேள்வி கேட்பாள், நான் பத்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசியதெல்லாம் பொலபொலவென்று உதிரும். அந்தக் கேள்வி என்ன, அதைத் தாங்குகிற மாதிரி வாதத்தை எப்படிக் கட்டுவது என்பதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் சேகா ஆளோ நின்டெண்டோ ஆளோ, எந்தத் தலைமுறைச் சண்டைக்கும் பயன்படும்.

முதலில் தேதி

"எது சிறந்தது" என்று ஆரம்பிப்பதற்கு முன் "எந்தத் தேதியில்" என்று கேளுங்கள். கேட்காமல் இறங்கினால் இரண்டு பேரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நாங்கள் பத்து வருடத்தை அப்படித்தான் தொலைத்தோம்.

டிரீம்காஸ்ட் ஜப்பானில் 1998 நவம்பரில் வந்தது, அமெரிக்காவில் 1999 செப்டம்பர் 9 அன்று. பிஎஸ்2 ஜப்பானில் 2000 மார்ச் 4. கேம்கியூப் ஜப்பானில் 2001 செப்டம்பர், எக்ஸ்பாக்ஸ் அமெரிக்காவில் 2001 நவம்பர். அதற்குள் சேகா, டிரீம்காஸ்ட் உற்பத்தியை 2001 மார்ச்சோடு நிறுத்துவதாக அறிவித்து, கன்சோல் தொழிலைவிட்டே விலகிவிட்டது. எக்ஸ்பாக்ஸ் பிறந்தபோது டிரீம்காஸ்ட்டுக்குப் பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. இவை இரண்டையும் ஒரே மேடையில் நிறுத்தி "யார் பெரியவர்?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

2000 டிசம்பர் 31 என்று தேதி வைத்தால் அக்கா என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். சோல் காலிபர், கிரேஸி டாக்ஸி, ஜெட் செட் ரேடியோ, ஷென்மூ, ஸ்கைஸ் ஆஃப் ஆர்கேடியா எல்லாம் அவள் கையில். அந்த டிசம்பரில் ஜப்பானில் ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைனும் வந்துவிட்டது. முகம் தெரியாத மூன்று பேரோடு சேர்ந்து, வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்தபடியே வேட்டைக்குப் போகலாம். அப்போது பிஎஸ்2விடம் ரிட்ஜ் ரேசர் 5, டெக்கன் டேக், எஸ்எஸ்எக்ஸ் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சரி, ஒரே ஒரு வருடம் தள்ளி 2001 டிசம்பர் 31 என்று வையுங்கள். கிரான் டூரிஸ்மோ 3, டெவில் மே கிரை, ஐகோ, சைலன்ட் ஹில் 2, ஃபைனல் ஃபேன்டசி 10, மெட்டல் கியர் சாலிட் 2, கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3. இத்தனையும் அந்த ஒரு வருடத்தில் பிஎஸ்2வுக்கு வந்தவை. இப்போது அக்கா வாயைத் திறக்க மாட்டாள். பத்து வருடமாக அவள் 2000ஐப் பற்றியும் நான் 2001க்கு அப்புறம் நடந்ததைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

அதனால் மூன்று தேதிகளைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். கன்சோல் வந்த புதிதில் எது? ஆயுள் முடிந்தபோது திரும்பிப் பார்த்தால் எது? இன்றைக்குப் பரணிலிருந்து இறக்கி மாட்டினால் எது? மூன்றுக்கும் ஒரே பெயர் வருவது அபூர்வம். வந்தால் அந்தத் தலைமுறையில் சண்டையே தேவையில்லை.

தலைமுறைக்கு எல்லை எங்கே என்ற சண்டையில் மட்டும் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். 1987ல் வந்த பிசி என்ஜின் என்ற கன்சோலுக்குள் இருந்தது 8 பிட் பிராசசர் (பிராசசர் ஒரே வீச்சில் கையாளும் எண்ணின் அளவுதான் பிட்), ஆனால் அது மல்லுக்கட்டியது 16 பிட் கன்சோல்களோடு. 2017ல் வந்த ஸ்விட்ச், பிஎஸ்4க்கும் போட்டி, பிஎஸ்5க்கும் போட்டி. வாங்கப் போனவர் எவற்றையெல்லாம் பக்கத்துப் பக்கத்தில் வைத்து யோசித்தாரோ அவை ஒரு தலைமுறை. இதைச் சொல்லிவிட்டு மேலே போய்விடலாம்.

தராசு ஒன்றுதான்

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன்.

நான் எப்போதும் விற்பனையில்தான் ஆரம்பிப்பேன். பிஎஸ்2 விற்றது 15.5 கோடிக்கும் மேல். டிரீம்காஸ்ட் ஒரு கோடியைக்கூடத் தொடவில்லை, ஏறக்குறைய 91 லட்சம். கேம்கியூப் 2.17 கோடி, எக்ஸ்பாக்ஸ் 2.4 கோடி. மூன்றையும் கூட்டி அதை இரண்டால் பெருக்கினாலும் பிஎஸ்2வை எட்டாது. இதைச் சொல்லிவிட்டு நான் மீசையை முறுக்கிக்கொண்டு உட்காருவேன்.

அக்கா கேட்பாள்: "சரிடா. அதே தராசுல அடுத்த தலைமுறையை நிறுத்துப் பாரு. அப்போ வீதான் சிறந்ததா?"

ஏழாம் தலைமுறையில் நின்டெண்டோ வீ 10.16 கோடி விற்றது. பிஎஸ்3 எட்டே முக்கால் கோடிக்குப் பக்கம், எக்ஸ்பாக்ஸ் 360 எட்டரைக்குப் பக்கம். நான் பிஎஸ்3 பக்தன். வீயை அப்போது பொம்மை என்று கிண்டல் செய்தவன். விற்பனைதான் அளவுகோல் என்றால் அந்தப் பொம்மையின் காலில் நான் விழ வேண்டும். மாட்டேன் என்றால் பிஎஸ்2வுக்காக நான் எடுத்த எண்ணையும் கீழே வைக்க வேண்டும்.

அவள் கேள்வி இவ்வளவுதான்: ஒரு தலைமுறைக்கு நீ பிடிக்கும் தராசை இன்னொரு தலைமுறைக்கும் பிடிப்பாயா? பெரும்பாலான கன்சோல் வாதம் இதில் மாட்டிக்கொள்ளும். தான் வாங்கியது விற்பனையில் முந்தினால் விற்பனை, திறனில் முந்தினால் திறன், இரண்டிலும் பிந்தினால் "அந்த ஃபீல் வேற" என்று முட்டுக் கொடுப்போம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

எதிராளி கேட்பதற்கு முன் நீங்களே உங்கள் வாதத்தை இதில் போட்டுப் பாருங்கள். உடையும் இடம் தெரிந்தால் அதை ஒட்டவைக்கவும் வழி தெரியும். என் விற்பனைக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்2 ஏன் அத்தனை விற்றது? அதில் டிவிடி படம் பார்க்கலாம். பழைய பிளேஸ்டேஷன் டிஸ்க்குகளைப் போட்டாலும் ஓடும். விற்க விற்க, கேம் செய்பவர்கள் எல்லாம் அங்கே குவிந்தார்கள். 2013 தொடக்கத்தில்தான் உற்பத்தியே நின்றது. ஆகவே விற்பனை எண் எதையும் நேராக நிரூபிப்பதில்லை. "நிறைய விற்றது, அதனால் நிறையப் பேர் அதற்காக கேம் செய்தார்கள், அவற்றில் இன்னின்ன கேம் வேறு எங்கும் கிடைக்காது" என்று மூன்று படியாகச் சொன்னால்தான் அது வாதம். இப்படிச் சொல்லும்போது வீயைப் பற்றிய கேள்வி என்னைக் கடிப்பதில்லை. வீயில் அந்த இரண்டாம் படி பெரும்பாலும் நடக்கவில்லை, மற்ற இரண்டுக்கும் வந்த பெரிய கேம்கள் பல அதன் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை என்று நான் காட்ட முடியும்.

அக்கா மட்டும் யோக்கியமா? அவளும் மாட்டினாள். டிரீம்காஸ்ட்டில் படத்துக்கென்று 8 எம்பி நினைவகம், பிஎஸ்2வில் 4 எம்பி. கம்ப்யூட்டர் மானிட்டரில் சொருகும் விஜிஏ வயர் மாட்டினால் டிரீம்காஸ்ட் படம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்பாள். இரண்டும் உண்மை. "அப்போ திறன்தான் தராசு என்றால் 733 மெகாஹெர்ட்ஸ், 64 எம்பி நினைவகம், உள்ளேயே ஹார்ட் டிஸ்க் என்று வந்த எக்ஸ்பாக்ஸ்தானே சிறந்தது?" என்றேன். எங்கள் வீட்டில் எக்ஸ்பாக்ஸுக்கு ஓட்டுப் போட ஆள் கிடையாது. அன்றைக்கு வழக்கு டிரா.

மெகாஹெர்ட்ஸ், பிட், கிராபிக்ஸ்: மூன்று வழுக்குப் பாறைகள்

16 பிட் காலத்துச் சண்டைக்காரர்கள் இன்றைக்கும் சொல்வது: சேகாவின் மெகா டிரைவின் பிராசசர் 7.6 மெகாஹெர்ட்ஸ், சூப்பர் நின்டெண்டோவுடையது அதிகபட்சம் 3.58, ஆகவே மெகா டிரைவ் இரண்டு மடங்கு வேகம். கேட்க நன்றாக இருக்கிறது. மெகாஹெர்ட்ஸ் என்பது பிராசசர் நொடிக்கு எத்தனை பத்து லட்சம் முறை துடிக்கிறது என்ற கணக்கு. ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பத்து பிராசசர்கள். மெகா டிரைவில் இருந்த மோட்டரோலா 68000 நினைவகத்தை ஒரு முறை தொடவே குறைந்தது நான்கு துடிப்பு எடுத்துக்கொள்ளும். மற்றது இரண்டு துடிப்பிலேயே ஒரு சின்னக் கட்டளையை முடித்துவிடும். சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதையும் மாட்டுவண்டிச் சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதையும் வைத்து எந்த வண்டி வேகம் என்று சொல்ல முடியுமா? மெகா டிரைவ் பிராசசர் பொதுவாக வலுவானதுதான், ஆனால் அந்த இரண்டு மடங்குக் கணக்கு உருட்டு.

அதனால் எண்ணை விட்டுவிட்டு, திரையில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். சூப்பர் நின்டெண்டோவில் கிரேடியஸ் 3 என்ற விண்கப்பல் சண்டை கேமைப் போட்டுக் காட்டினால் போதும். குண்டுகள் நிறைந்ததும் படம் தேனில் விழுந்த ஈ மாதிரி நகரும். மறுபக்கம் நிற்பவர் வண்ணத்தைக் காட்டலாம். சூப்பர் நின்டெண்டோவின் வண்ணப்பெட்டியில் 32,768 நிறங்கள், மெகா டிரைவில் 512. ஒலியில் இன்னொரு வேடிக்கை உண்டு. சூப்பர் நின்டெண்டோவின் ஒலிச் சிப்பை வடிவமைத்தவர் கென் குட்டராகி, சோனி நிறுவனத்து ஆள். பிற்பாடு பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்தவரும் அவர்தான். நின்டெண்டோ ரசிகரிடம் இதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள்.

"பிட்" என்று யாராவது ஆரம்பித்தால் அட்டாரி ஜாக்குவார் என்று ஒரு வார்த்தை போதும். 1993ல் 64 பிட் என்று தம்பட்டம் அடித்து வந்தது. எத்தனை பேர் வீட்டில் பார்த்திருக்கிறீர்கள்?

"கிராபிக்ஸ்" என்ற வார்த்தையைத் தனியாக விடவே கூடாது. கிராபிக்ஸில் எது என்று கேளுங்கள். ஐந்தாம் தலைமுறையில் இது அழகாகத் தெரியும். முதல் பிளேஸ்டேஷனில் ஒரு சுவர் ஓரமாக நடந்து பாருங்கள். சுவரின் செங்கல் கோடுகள் நெளியும், மூலைகள் நடுங்கும். தூரத்துக்கு ஏற்றபடி படத்தைச் சுருக்கி ஒட்டும் கணக்கை அது சரியாகப் போடுவதில்லை, முனைகளையும் முழுப் புள்ளிகளில்தான் வைக்கும். நின்டெண்டோ 64ல் அந்த நடுக்கம் கிடையாது. ஆனால் எல்லாம் ஈரத்துணியால் துடைத்த மாதிரி மங்கல், ஏனென்றால் மேற்பரப்புப் படங்களை வைத்துக்கொள்ள அதற்கு இருந்த இடம் வெறும் 4 கேபி. உங்களுக்கு நடுக்கம் தொந்தரவா, மங்கல் தொந்தரவா? இப்படிக் கேட்டால் பேச்சு உருப்படியாகப் போகும். எனக்கு நடுக்கம் பிடிக்கும். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது.

சாட்சி எப்படிக் கொண்டுவருவது

ஒரே கேம் இரண்டு கன்சோலிலும் வந்திருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. ஆறாம் தலைமுறைக்கு ரெசிடென்ட் ஈவில் 4 எடுத்துக்கொள்ளுங்கள். 2005 ஜனவரியில் கேம்கியூபில் வந்தது, அதே ஆண்டு கடைசியில் பிஎஸ்2வுக்கு வந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிஎஸ்2வில் ஒளி நிழல் குறைவு, மரங்கள் குறைவு என்பது குழந்தைக்கும் தெரியும். நான் பிஎஸ்2 ஆள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிஎஸ்2வில் ஏடா வோங் பாத்திரத்தை வைத்து ஒரு தனிக் கதையைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். எந்தப் பதிப்பு மேல்? நாங்கள் இரண்டு பேரும் கேம்கியூப் வைத்திருந்ததில்லை, அதனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நியாயமாகப் பேசினோம்.

இந்தச் சாட்சியிலும் பொறி உண்டு. 1993ல் மெகா டிரைவிலும் சூப்பர் நின்டெண்டோவிலும் அலாதீன் என்று கேம் வந்தது. பெயர்தான் ஒன்று. இரண்டையும் செய்தது வேறு வேறு நிறுவனங்கள், கேமும் முழுக்க வேறு. ஒன்றில் அலாதீன் கையில் வாள் இருக்கும், மற்றதில் இருக்காது. இரண்டையும் ஒப்பிட்டு மெஷினை எடைபோடுவது தப்பு. அதே ஆண்டு வீட்டுக்கு வந்த மார்ட்டல் காம்பேட்டில், ஒரு ரகசியக் குறியை அழுத்தினால் மெகா டிரைவில் ரத்தம் தெறிக்கும். சூப்பர் நின்டெண்டோவில் சாம்பல் நிற வியர்வைதான். மெஷினால் சிவப்பு நிறம் காட்ட முடியாமலா போயிற்று? நின்டெண்டோவின் கொள்கை அது. எது மெஷினின் குறை, எது முதலாளியின் முடிவு என்று பிரித்துப் பேசுங்கள்.

நின்டெண்டோ 64 டிஸ்க்கை விட்டுவிட்டு கார்ட்ரிட்ஜில் நின்றதும் முதலாளியின் முடிவுதான். ஆனால் அது மெஷினோடு ஒட்டிக்கொண்டது. மிகப் பெரிய கார்ட்ரிட்ஜே 64 எம்பி, ஒரு சிடியோ 650 எம்பி. 1997ல் ஃபைனல் ஃபேன்டசி 7 மூன்று சிடிகளாகப் பிளேஸ்டேஷனுக்குப் போனதற்கு இது பெரிய காரணம். அதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கார்ட்ரிட்ஜைச் சொருகி பட்டனைத் தட்டினால் கேம் வந்து நிற்கும். பிளேஸ்டேஷன்காரர் "லோடிங்" என்ற எழுத்தைப் பார்த்துக்கொண்டே வயதாவார். இன்னொன்று, நின்டெண்டோ 64ல் கண்ட்ரோலர் சொருக நான்கு துளை. பிளேஸ்டேஷனில் இரண்டு. நான்கு பிள்ளைகள் இருந்த வீட்டுக்கு "சிறந்த கன்சோல்" எது என்பதை இந்தத் துளைகளே தீர்மானித்திருக்கும்.

கம்ப்யூட்டரைப் பழைய கன்சோல் மாதிரி நடிக்கவைக்கும் எமுலேட்டரில் ஓட்டிய படத்தைச் சாட்சியாகக் கொண்டுவருபவரை உள்ளே விடாதீர்கள். கம்ப்யூட்டரில் நான்கு மடங்கு கூர்மையாக்கிய பிஎஸ்2 படம் அழகாக இருக்கும், ஆனால் அது கம்ப்யூட்டரின் அழகு. அதேபோல் பழைய கன்சோலை இன்றைய தட்டை டிவியில் நேராக மாட்டிவிட்டு "ஐயே, இவ்வளவு மோசமா?" என்பதும் அநியாயம். அவை பழைய குழாய் டிவிக்காகச் செய்தவை. தட்டை டிவி படத்தை இழுத்துப் பெரிதாக்கும்போது பிசிறடிக்கும், பட்டனை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே இடைவெளியும் விழும். நாங்கள் இதற்காகவே ஒரு குழாய் டிவியை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறோம். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

பலர் மறப்பது இது: நொடிக்கு 60 முறைக்குப் பதில் 50 முறை படம் மாற்றும் 50 ஹெர்ட்ஸ் டிவி இருந்த நாடுகளில் அந்தக் காலக் கேம்கள் பல, ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடின, மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு. சேகாவின் ஓட்டக்கார கேமான சோனிக்கைப் பற்றி ஒருவர் "சோனிக் மந்தமாக இருந்தது" என்றும் இன்னொருவர் "பறந்தது" என்றும் சொன்னால் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எந்தப் பதிப்பில் விளையாடினீர்கள் என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

சொந்த மெஷின் கெட்டுப்போன கதைகளை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள். என்னிடம் இருந்த ஒரு கன்சோல், பெயர் வேண்டாம், இரண்டே வருடத்தில் டிஸ்க்கைப் படிக்க மறுத்துவிட்டது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஆறு மாதம் ஓட்டினேன். அது என் தலையெழுத்து, அந்தத் தலைமுறையின் தீர்ப்பு ஆகாது. எக்ஸ்பாக்ஸ் 360 கெட்டுப்போனால் முன்பக்கம் எரியும் சிவப்பு வளையம் வேறு சங்கதி. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்டே முன்வந்து அந்தக் கோளாறுக்கு உத்தரவாதத்தை மூன்று வருடமாக நீட்டி, அதற்காக நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. இது பொதுவில் பதிவான விஷயம், தாராளமாக எடுத்து வீசலாம்.

எத்தனை கட்டடம்?

ஒருநாள் அக்கா மகனை நடுவராக உட்காரவைத்தோம். அவன் ஸ்விட்ச் காலத்துப் பிள்ளை, எங்கள் இரண்டு பேருக்கும் சார்பில்லாதவன். நான் பிஎஸ்2வின் தலைசிறந்த பத்து கேம்கள் என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, இதுல எத்தனை நீங்க முடிச்சீங்க?" என்றான்.

மூன்று.

அவன் அதோடு விடவில்லை. பிஎஸ்2வை ஆன் செய்தால் நீல இருட்டில் தூண்கள் மாதிரிக் கட்டடங்கள் தெரியுமே, அவை சும்மா அலங்காரம் கிடையாது. நாம் என்னென்ன கேம் போட்டோம் என்ற கணக்கை மெமரி கார்டிலிருந்து எடுத்துத்தான் அவை முளைக்கும், அடிக்கடி போட்டதற்கு உயரமாக. அவனுக்கு எங்கிருந்தோ இது தெரிந்திருந்தது. ஆன் செய்தான். திரையில் மூன்று கோபுரமும் நான்கைந்து திண்ணையும். "மாமா, உங்க ஊர்ல பில்டிங்கே இல்லையே" என்றான். அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு சட்டம்: முடித்த கேமைப் பற்றி மட்டுமே பேசலாம். முடிவே இல்லாத கேம் என்றால், கை வலிக்கும் அளவுக்கு விளையாடியிருக்க வேண்டும். உங்கள் வட்டத்திலும் இதைக் கொண்டுவாருங்கள். எங்கேயோ படித்த "டாப் 25" எல்லாம் அதோடு மூட்டை கட்டிவிடும். மிஞ்சும் நான்கைந்து கேம்களைப் பற்றி ஒவ்வொருவரும் உண்மையிலேயே தெரிந்து பேசுவார்கள்.

ஒரு மாதம் மாற்றிக்கொள்ளுங்கள்

சட்டம் வந்தபின் எங்கள் பட்டியல் இரண்டும் ஒல்லியாகிவிட்டன. அதைவிடச் சங்கடம், எதிராளியின் கன்சோலில் நான் முடித்தது பூஜ்யம், அவளும் அப்படியே. அதனால் மெஷின்களை ஒரு மாதம் மாற்றிக்கொண்டோம். வாய்ச்சண்டையில் பத்து வருடம் நகராத வழக்கு அந்த ஒரு மாதத்தில் நகர்ந்தது. நீங்கள் ஒன்றே ஒன்றுதான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

டிரீம்காஸ்ட்டை வாங்கிவந்து மாட்டி, ஆன் செய்தேன். பீஈஈப் என்று ஒரு நீளமான அலறல். பயந்துவிட்டேன். கெட்டுப்போயிற்றோ என்று அக்காவுக்கு போன் செய்தால், "விஎம்யூ பேட்டரி செத்துப்போச்சுடா, அது வருஷக்கணக்கா அப்படித்தான் கத்தும்" என்றாள். கண்ட்ரோலருக்குள் சொருகும் மெமரி கார்டுதான் விஎம்யூ. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, தனியே ஒரு குட்டித் திரையோடு இருக்கும். அகலத்தில் 48 புள்ளி, உயரத்தில் 32. கண்ட்ரோலரின் ஜன்னல் வழியாக அது நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கழற்றினால் தனியாகவே ஒரு கைவிளையாட்டு. வயர் கண்ட்ரோலரின் தலைப்பக்கம் வராமல் வயிற்றுப்பக்கம் வருகிறது, யார் யோசனையோ! டிஸ்க்கைத் தேடும்போது உள்ளே கரகரவென்று எலி பிராண்டுவது மாதிரிச் சத்தம்.

குறையாக எனக்குப் பட்டது வலது கைக் கட்டைவிரலுக்கு ஸ்டிக் இல்லாதது. கேமராவைத் திருப்பக் கை தானாக அங்கே போய் வெறும் பிளாஸ்டிக்கைத் தடவியது. ஆனால் விஜிஏ வயரை மானிட்டரில் மாட்டி சோல் காலிபரைப் போட்டதும் அக்கா இத்தனை வருடமாகச் சொன்னது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. 1999ல் வந்த கேம் அது. என் பிஎஸ்2வின் முதல் வருடக் கேம்கள் பலவற்றில் விளிம்புகள் ரம்பம் மாதிரி இருக்கும். இதில் துணி மடிப்புகூடச் சுத்தம். "வந்த புதிதில்" என்ற தேதியை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவளுக்கு நான் கொடுத்தது ஷேடோ ஆஃப் தி கொலோசஸ், 2005ல் வந்தது. முதல் நாளே போன். "இது கேமா ஸ்லைடு ஷோவா? அந்த ராட்சசன் எழுந்து நிக்கும்போது படமே நின்னு நின்னு வருது." உண்மைதான். பிஎஸ்2வின் சக்திக்கு மீறி அதைப் பிழிந்தார்கள். நான் முட்டுக் கொடுக்கவில்லை. அப்புறம் ஒரு வாரம் அவளிடமிருந்து சத்தமே இல்லை. கேட்டால், "பதினாறுல பதினொண்ணு" என்றாள். இன்னொரு வாரம் கழித்து, "முடிச்சாச்சு. அந்தக் குதிரையைப் பத்தி எதுவும் பேசாதே." அவ்வளவுதான். எந்தத் தேதியை எனக்கு எழுதிக் கொடுக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டதும் ஒரு உத்திதான். எதிராளி சறுக்கும்போது "ஒத்துக்கொள்" என்று கழுத்தைப் பிடித்தால், பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பார்கள். நீங்கள் ஒன்றை முதலில் விட்டுக்கொடுங்கள், பேச்சை வேறு கேமுக்கு மாற்றுங்கள். கொஞ்ச நாள் கழித்து அவர்களே வேறு யாரிடமோ உங்கள் வாதத்தை எடுத்து விடுவார்கள். அக்கா தன் மகனிடம், "டிரீம்காஸ்ட்டுக்கு இன்னும் மூணு வருஷம் ஆயுள் இருந்திருந்தா" என்று ஆரம்பித்ததை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். அந்த "இருந்திருந்தால்" எனக்குப் போதும்.

மாதம் முடிந்து மெஷின்களைத் திருப்பிக்கொள்ள உட்கார்ந்தோம். என் பிஎஸ்2வை ஆன் செய்தேன். நீல இருட்டில் புதிதாக ஒரு கோபுரம், என்னுடைய மூன்றுக்கும் மேலே தலை தூக்கி நின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் டிரீம்காஸ்ட்டை ஆன் செய்தாள். சத்தமில்லாமல் டிரீம்காஸ்ட்டின் சுழல் சின்னம் வந்து நின்றது.

"டேய், சத்தம் எங்கே?"

"பேட்டரி மாத்திட்டேன்க்கா. சிஆர்2032 ரெண்டு."

விஎம்யூவை வெளியே இழுத்து, பின்மூடியைக் கழற்றி, இரண்டு பேட்டரியையும் நெம்பி எடுத்து என் கையில் வைத்தாள். மறுபடி சொருகி ஆன் செய்தாள். பீஈஈப்.

"இப்போ பேசு" என்றாள்.